மாமனார் போட்ட வாட்ச்

எங்கள் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் ஆளாளுக்குத் தங்கள் பிரதாபத்தை அவிழ்த்துவிடுவார்கள். ஒருத்தர் மகள் டாக்டருக்குப் படிப்பாள், இன்னொருத்தர் புதுக் கார் எடுத்திருப்பார். நான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கிடக்கட்டும், அஞ்சாப்புப் படிக்கிறப்ப மாமனாரையும் மருமகனையும் பேச வச்சது யாரு?" என்று கேட்பேன். "ஆரம்பிச்சிட்டாடா" என்று எழுந்து பந்திக்குப் போய்விடுவார்கள். அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்டதில்லை, அதனால் வசமாக மாட்டிக்கொண்டீர்கள்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். அம்மா செட்டியார்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் துணி மடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருந்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வத்திராயிருப்பு பஸ் டிரைவர் டீயை ஆற்றிக்கொண்டு நின்றாலும் சரி, நேரமாகிவிட்டால் விசிலை ஊதிவிடுவாராம். பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடி வந்த டிரைவர்கள் பலர் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தின்போது மாமனார் மாப்பிள்ளைக்கு வாட்ச் போட வேண்டும். ஊர் பார்க்க, மாமனாரே தன் கையால் மாப்பிள்ளை மணிக்கட்டில் கட்டிவிடுவார். அப்படித் தாத்தா அப்பாவுக்குக் கட்டிய வாட்ச் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. சாவி கொடுக்கிற பழைய மாதிரி, இரும்புச் செயின் போட்டது. அதை அப்பா என்ன பாடு படுத்தினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மில் ஃபிட்டர் கையை விடாத இடமே கிடையாது. பட்டறைக்கு, மெஷினுக்கு அடியில், எண்ணெய்க்குள் என்று எல்லா இடத்துக்கும் அந்த வாட்சும் கூடவே போனது. கண்ணாடி முழுக்கக் கீறல் விழுந்து, வெந்நீர் ஆவி படிந்த ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. மணி பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்கு வந்து வெயிலில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

"வீட்டுல வச்சிட்டுப் போங்களேன்" என்பாள் அம்மா.

"வாட்ச்சுன்னா கட்டத்தான?" என்பார் அப்பா. வேறு எந்தப் பொருளையும் அவர் அப்படி வைத்திருந்ததில்லை. அவருடைய ஸ்பேனர்களைப் பார்த்தால் அன்றைக்குத்தான் கடையில் வாங்கினது போல இருக்கும்.

வெடித்தது ஓர் ஆடிப்பூரத்தன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் என்றால் எங்கள் வகையறா மொத்தமும் தாத்தா வீட்டில் கூடிவிடும். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாத்தாவின் கண் அப்பாவின் கையில் விழுந்தது.

"என்ன மாப்ள, வாட்சை அம்மியில வச்சு அரைச்சீகளா? ஒரு பொருளை மதிக்கத் தெரிய வேண்டாமா?"

அப்பா இலையிலிருந்து கையை எடுத்தார். "மதிக்கிற மாதிரிப் பொருளைப் போட்டிருந்தா மதிச்சிருப்பேன் மாமா."

அவ்வளவுதான். தாத்தாவின் முகம் செத்துப்போனது. சாப்பிட்ட இலையை அப்படியே விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா கையைக் கழுவிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அந்த வருஷம் நாங்கள் வடம் பிடிக்கவில்லை. நானோ பால்கோவாகூட வாங்காமல் ஊர் திரும்பினேன். அந்தத் துக்கத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு அப்பா அந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. வாட்ச் தையல் மெஷின் டிராயருக்குள் பழைய டார்ச் செல்களோடு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் மட்டும் போவோம். தாத்தா கதவைத் திறந்ததும் எங்களைத் தாண்டித் தெருவைப் பார்ப்பார்.

"மாப்ளைக்கு ஷிஃப்டா?"

"ஆமாப்பா, ஷிஃப்டு."

ஒரு வருஷமாக அப்பாவுக்கு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுவாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்வாள், ஜன்னல் மூடியிருக்கும். பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அப்பா ஒருத்தர்தான். அந்த மனுஷனும் அவள் புருஷனும் ஒரு வடத்தைப் பிடித்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

அடுத்த ஆடி வந்தது. தேருக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தாத்தாவே போன் பண்ணினார். "மாப்ளையக் கூட்டிட்டு வா தாயி. நான் கூப்பிட்டேன்னு சொல்லு." அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போய் நின்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்த வாட்சைக் கட்டாம போனா எங்கன்னு கேப்பாக. கட்டிட்டுப் போனா அது இருக்குற கோலத்துக்கு ஒரு பேச்சுக் கேக்கணும். எனக்கு எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கோ தலைக்குள் விளக்கு எரிந்தது. அடச்சே, இவ்வளவுதானா விஷயம்! வாட்ச் புதுசாகிவிட்டால் அப்பா வருவார். அப்பா வந்தால் அம்மா அழமாட்டாள். இந்தப் பெரியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று அவர்கள் பேரில் எனக்கு ஒரு இளக்காரம்கூட வந்தது.

சனிக்கிழமை காலை, அப்பா ஷிஃப்டுக்குப் போனதும் டிராயரைத் திறந்து வாட்சை எடுத்தேன். முதல் யோசனை என்னுடைய சொந்த யோசனை: தேங்காய் எண்ணெய். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தேன். அய்யோ, என்ன சொல்ல! கீறல் அத்தனையும் போன இடம் தெரியவில்லை. முள் தெரிந்தது, எண் தெரிந்தது. "அம்மா, முடிஞ்சது!" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா எண்ணெய் வடிகிறதே என்று முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். அத்தனை கீறலும் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

"நல்லா முடிஞ்சது போ" என்றாள் அம்மா. "ஏட்டி, அதை உள்ள வச்சிட்டுப் படிக்கிற வேலையப் பாரு."

நான் விடுகிற ஜாதியா? அம்மாவின் போனை எடுத்து வீடியோ தேடினேன். முகம் காட்டாத ஒருவர், கைகளை மட்டும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வாட்சைப் பல்லில் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டுமாம். 'ணங்' என்றால் அசல் கண்ணாடி, வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. 'டப்' என்று மொத்தையாகக் கேட்டால் பிளாஸ்டிக், தேய்த்தால் கீறல் போகும். தட்டினேன். 'டப்'. அந்தச் சத்தம் மாதிரி இனிமையான சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை.

தேய்க்க வேண்டியது வெள்ளைப் பேஸ்ட். எங்கள் வீட்டில் இருந்ததோ சிவப்பாக, கண்ணாடி போல வழுக்குகிற பேஸ்ட். பக்கத்து வீட்டு அத்தையிடம் ஓடினேன். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள்.

"ஏமி? ஒங்க வீட்டுல பேஸ்ட் இல்லையா?"

"வாட்ச்சுக்கு அத்தை."

"வாட்ச்சுக்குப் பல்லு வெளக்கப் போறியாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே டியூபைக் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்கக் கூடவே வந்துவிட்டார்.

துணிக்குப் பஞ்சமில்லை. அம்மா தறிக்கூடத்திலிருந்து பேண்டேஜ் கழிவுத் துண்டுகளைக் கொண்டுவருவாள், எங்கள் வீட்டில் கைப்பிடித் துணியிலிருந்து தரை துடைக்கிற துணி வரை எல்லாமும் அவைதான். ஒரு துண்டை லேசாக நனைத்துப் பிழிந்து, பயறு அளவு பேஸ்ட்டை வைத்து வட்ட வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். உள்ளே தண்ணீர் போய்விடக் கூடாதே என்று சாவித் திருகைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். தேய்த்தேன், துடைத்தேன், பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தேய்த்தேன். விரல் மரத்துப்போனது. அத்தை, "இது ஆவுற கதையில்ல" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே தேய்த்தேன். கோபத்தில் இன்னும் நன்றாகத்தான் தேய்த்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை துடைத்துப் பார்த்தபோது ஓரமாக ஓர் எண் என்னை எட்டிப் பார்த்தது. எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை. காய்ந்த துணியால் துடைத்தேன், அப்படியே இருந்தது. கொடியில் கிடந்த அம்மா சேலையின் முந்தானையால் துடைத்தேன், அப்போதும் இருந்தது! அதற்கு மேல் என்னைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? கொஞ்சம் கொஞ்சமாக மொத்த முகமும் வெளியே வந்தது. சந்தன நிறத்தில் இவ்வளவு அழகான வாட்சா இத்தனை நாள் அந்தப் புகைக்குள் இருந்தது என்று ஆச்சரியமாகப் போய்விட்டது. பழைய பல் பிரஷ்ஷில் ஷாம்பு தொட்டுச் செயினைத் தேய்த்தேன். ராஜபாளையத்துப் பஞ்சு பாதி அதற்குள்தான் இருந்தது. சாவி கொடுத்தேன். விநாடி முள் ஒரு தடவை திடுக்கிட்டது, பிறகு ஓட ஆரம்பித்தது. நான் வீட்டுக்குள் ஆடிய ஆட்டத்தை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முழுசாகப் புதுசாக்க வேண்டும் என்கிற வெறி வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்க மூடியில் ஓர் இடம் மட்டும் அசிங்கமாகச் சுரண்டியிருந்தது. மற்ற கீறல்கள் மாதிரி தானாக விழுந்ததில்லை. யாரோ ஆணியாலோ கத்தியாலோ வேண்டுமென்றே சுரண்டியது. அப்பாவின் பெட்டியிலிருந்து தேய்ந்து நைசாகிப்போன உப்புத்தாள் ஒன்றை எடுத்து, தண்ணீர் தொட்டு மெதுவாக இழைத்து, அதன் மேல் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். சுரண்டல் மங்கிக்கொண்டே வந்தது. ஆனால் அதற்கு அடியில் புள்ளிகள் இருந்தன. ஆழமான சின்னச் சின்னப் புள்ளிகள். வெள்ளைப் பேஸ்ட் அந்தக் குழிகளுக்குள் போய் அடைத்துக்கொண்டு, துடைக்கத் துடைக்கப் பளிச்சென்று தெரிந்தது: 'கோ.ரா.'

அதைப் படிக்க எனக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. அம்மா சீராகக் கொண்டுவந்த குடம், அண்டா, தூக்குவாளி, கரண்டி என்று எங்கள் அடுப்படியில் எதை எடுத்தாலும் அதே மாதிரி புள்ளி புள்ளியாக அதே எழுத்துதான் வெட்டியிருக்கும். தாத்தாவின் பெயர்.

"அம்மா! வாட்ச்சுல தாத்தா பேரு இருக்கு!"

அம்மா ஈரக் கையோடு வந்தாள். பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தினார். எனக்கு அவசரம். அவர் செருப்பைக் கழற்றும் முன்னால் வாட்சை அவர் கையில் திணித்தேன்.

அப்பா கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். அங்கேயே நின்றுவிட்டார்.

"இது மாமா பேரால்ல இருக்கு?"

"அவிய பேருதான்" என்றாள் அம்மா. "அவிய வேலைக்குச் சேர்ந்தப்ப வாங்கிக் கட்டுன வாட்ச்சு. நம்ம கல்யாணத்தப்ப புதுசு வாங்க வழியில்ல. கையில கிடந்ததைக் கழட்டி, பேரைச் சுரண்டி ஒங்களுக்குப் போட்டாக. மாப்ளைக்குத் தெரிஞ்சா மரியாதை போயிரும், சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக."

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணமான புதுசுலயே இந்தச் சுரண்டலை நான் பார்த்தேன். எவனோ அடகு வச்சு மூழ்கிப்போன வாட்சை, பேரைச் சுரண்டிட்டு என் தலையில கட்டிட்டாகன்னுல்ல நினைச்சேன்."

பெயர் சுரண்டிய பாத்திரம் என்றால் அடகுக்கடைப் பாத்திரம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அப்பா அப்படி நினைத்ததில் அதிசயம் இல்லை.

"இம்புட்டு வருசமா இதையா மனசுல வச்சிருந்தீக? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் அம்மா.

"என்னன்னு கேக்க? ஒங்க அப்பா ஏமாத்திட்டாருன்னா?"

அம்மா அழுதாள். அப்பாவின் கண்ணும் சிவந்திருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காலையிலிருந்து விரல் தேயத் தேய்த்தவள் நான். கண்ணாடி எப்படி மினுங்குகிறது என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே! முன்பக்கத்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு அழுகிறார்கள்.

"அப்பா, மினுங்குதா இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அஞ்சாப்புப் பிள்ளையை யாரும் தூக்கமாட்டார்கள், அவர் தூக்கினார். "மினுங்குது தாயி. தேருக்குப் போவோம்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன். தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டு அத்தையின் ஜன்னலுக்கு நேரே நின்று, "ஆச்சே! கதை ஆச்சே!" என்று கத்திவிட்டு வந்தேன்.

தாத்தாவிடம் பெயர் விஷயத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னை எச்சரித்தே கூட்டிப்போனாள். தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஆடிக் காற்று வேட்டியைப் பிடுங்க, நாங்கள் கூட்டத்தில் முட்டி மோதித் தேரடிக்குப் போனோம். போன வருஷம் பந்தியில் இருந்த அத்தனை சொந்தக்காரர்களும் அங்கே இருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. தாத்தா, "வாங்க மாப்ள" என்றார்.

அப்பா சட்டைக் கையை ஏற்றிவிட்டு மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினார். "வாட்சைப் பாருங்க மாமா."

தாத்தா குனிந்து பார்த்தார். "கண்ணாடி மாத்துனீகளா?"

"இல்ல தாத்தா, பேஸ்ட்டு! நான்தான் தேய்ச்சேன்!"

தாத்தா சிரிக்கப் போனார். ஆனால் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "போன வருசம் நான் பேசுனது பெரிய தப்பு மாமா. இந்த ஊருல நாச்சியார் சூடிக் கழட்டுன மாலையத்தான் பெருமாளே ஆசையா வாங்கிப் போட்டுக்கிடுதாரு. நான் என்ன, அவரைவிடப் பெரிய ஆளா?"

தாத்தா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தாத்தா அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தவர், செத்த நேரம் விடவே இல்லை. "மாலைக்கும் வாட்ச்சுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியப்பா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்திருக்கிறேன், அதை விட்டுவிட்டு மாலையைப் பற்றிப் பேசுகிறார்களே என்றிருந்தது.

அன்றைக்கு வடத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்தோம். முன்னால் தாத்தா, அவருக்குப் பின்னால் அப்பா, நடுவில் நான், அம்மா எனக்குப் பின்னால். தேர் அசைந்தபோது அம்மா போட்ட சத்தம் மாதிரி ஒரு சந்தோஷச் சத்தத்தை அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை. எல்லாம் நம் கைவேலை என்று எனக்கு நெஞ்சு விம்மியது. அந்த வருஷம் பால்கோவாவும் நிறையவே கிடைத்தது.

தாத்தா மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தார். தேர் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் திரும்பி, "மணி என்ன மாப்ள?" என்று கேட்டார். அப்பாவும் முதல் தடவை கேட்பது போலவே நிதானமாகச் சட்டைக் கையை ஏற்றி, வாட்சை அவருக்குத் தெரிகிற மாதிரித் திருப்பி, மணி சொன்னார். தெரு திரும்பவில்லை, மறுபடியும், "மணி என்ன மாப்ள?" எனக்குப் பொறுக்கவில்லை. "தாத்தா, ஒங்க சட்டைப் பையில போன் இருக்குல்ல, அதுல பாருங்களேன்" என்றேன். "அது கிடக்கட்டும் தாயி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அப்பா பக்கம்தான் திரும்பினார். இந்த வயசான மனுஷர் எதற்காக என் அப்பாவை இப்படிப் போட்டுப் படுத்துகிறார், அப்பாவும் ஏன் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொண்டே வருகிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை.